அப்பாவின் ஃபைலில் உங்கள் பேப்பர் இருக்கிறதா?

அம்மாபேட்டையிலிருந்து அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிற மகனைப் பாருங்கள். கையில் தடியான ஃபைல். அதில் அப்பாவின் ரிப்போர்ட் வருடக்கணக்கில் இருக்கும், மகனுடையது ஒன்றுகூட இருக்காது. ‘அப்பாவுக்குச் சுகரால் வந்தது, எனக்குத்தான் சுகர் இல்லையே’ என்பார். சுகரும் பிரஷரும் குடும்பத்தில் இறங்கி வருபவைதான். அதையும் தாண்டி, பெற்றோருக்குச் சிறுநீரக நோய் இருந்தாலே பிள்ளைகளுக்கு அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்.

டெஸ்ட் எடுப்பவர்களும் பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘நார்மல்’ என்று பார்த்ததும் நிம்மதி. ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதி குறைந்த பிறகும் கிரியாட்டினின் நார்மல் எல்லைக்குள் நிற்கலாம். 1.2 என்ற அதே எண், ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கு ஒன்றுமில்லை. ஒல்லியான 60 வயது அம்மாவுக்கு அப்படி விட முடியாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதற்கும் முன்பே துப்பு கொடுப்பது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். சிறுநீரில் உள்ள கிரியாட்டினினோடு ஒப்பிட்டு, அதன் ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் நாட்களில் இது தற்காலிகமாகக் கூடும். ஒருமுறை கூடியதற்கே பயந்துவிடாமல், காலையில் எழுந்ததும் முதலில் போகும் சிறுநீரில் திரும்பவும் பாருங்கள்.

இன்னொன்று, ‘கிட்னி ஃபெயிலியர்’ என்பது முடிவு, காரணம் அல்ல. காரணத்தை டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இருபதுகளில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

அப்புறம் இடுப்பு வலி மாத்திரை. சித்திரை வெயிலில் தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. சரி, தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் தப்பிக்கலாமா? தாகத்துக்குக் குடித்தால் போதும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கும் மனசு வராது. தினமும் வேண்டாம், அவ்வளவுதான்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்து, அந்தப் பரிசோதனையில்தான் தன் பிரஷரே தெரியவருகிற பிள்ளைகளும் உண்டு. டயாலிசிஸ் ஓடும் அந்த 4 மணி நேரத்தில் நீங்கள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். பக்கத்து லேபில் சிறுநீர் டெஸ்டுக்கு உங்கள் பெயரில் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்; அப்படியே பிரஷரையும் பார்த்துவிடுங்கள்.