டையீ பிடிக்கத் துடுப்பு வலிக்கும் முறை

கனடாவின் வான்கூவர் தீவில், கேம்ப்பெல் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது டையீ பூல் என்ற மீன்பிடி நீர்ப்பரப்பு. 30 பவுண்டோ (சுமார் 13.6 கிலோ) அதற்கு மேலோ எடையுள்ள சினூக் சால்மனுக்குத்தான் டையீ என்று பெயர். 1924இல் தொடங்கிய டையீ கிளப்பின் விதிகள் கறாரானவை. எஞ்சின் ஓடக்கூடாது, துடுப்பு மட்டும்தான். செயற்கை இரை, எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள், 20 பவுண்டுக்கு மேல் தாங்காத நரம்பு, 6 முதல் 9 அடி வரை நீளமுள்ள கம்பு. பருவம் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை.

பிடித்த மீனோடு எடுக்கும் படங்களில் நிற்பவர் கம்பு பிடித்தவராக இருப்பார். ஆனால் இரைக்கு உயிர் கொடுப்பவர் துடுப்பு வலிப்பவர். கம்புக்காரர் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார, வலிப்பவர் அவரைப் பார்த்தபடி நடுவில் இருப்பார். வலிப்பவரின் கண் கம்பின் நுனியை விட்டு நகரக்கூடாது.

இரை ஸ்பூனாகவோ (வளைந்த உலோகத் தகடு) மரத்தாலான பிளக்காகவோ (மீன் வடிவ இரை) இருக்கலாம். முதலில் அதைப் படகோரமாக ஓரிரு அடி விட்டு, வலித்துப் பாருங்கள். ஒவ்வொரு இரைக்கும் ஒரு வேகம் உண்டு. அதைவிட வேகமாகப் போனால் ஸ்பூன் சுழன்று நரம்பை முறுக்கிவிடும், மெதுவாகப் போனால் செத்த தகடாகத் தொங்கும். சரியான வேகத்தில் நுனி சீராகத் துடிக்கும். அந்தத் துடிப்பை மனதில் பதித்துக்கொண்டு நரம்பை விடுங்கள். இரையை ஆழத்தில் இறக்கும் ஈயக் குண்டு இரைக்கு இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி) முன்னால் இருக்கட்டும், ஆனால் சட்டென்று கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் ஈயம் கம்பு நுனியில் முட்டி நின்றுவிடும், மீனோ கைவலைக்கு எட்டாமல் தள்ளிக் கிடக்கும்.

நீண்டு இழுத்து ஓய்வெடுக்கும் வலிப்பு இங்கே உதவாது. ஓய்வில் இரை அடியில் இறங்கிவிடும். குட்டையாக, இடைவிடாமல் வலியுங்கள். நீரோட்டம் பலமாக இருந்தால் அதை எதிர்த்து வலித்தாலே போதும். கரையைப் பார்த்தால் படகு நின்ற இடத்திலேயே இருப்பதுபோலத் தெரியும், இரை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) மாறும் நேரத்தில் ஓட்டம் நின்றால் படகை நகர்த்தியாக வேண்டும். திரும்பும்போது அகலமாக வளையுங்கள். சட்டென்று திரும்பினால் நரம்பு தொய்ந்து முள் கல்லில் மாட்டும்.

துடிப்பு மங்கினால் மீன் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் கடற்புல்தான். சுற்றி எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். சோம்பல்பட்டால் அரை மணி நேரம் புல்லை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். விடியலும் அந்தியும்தான் நல்ல நேரம். உச்சி வெயிலில் வீட்டில் தூங்கலாம்.

மீன் அடித்ததும் வலிப்பவர் இரண்டு மூன்று முறை பலமாக இழுக்க வேண்டும். சினூக்கின் தாடை கெட்டி, எதிர்முள்ளும் கிடையாது, அதனால் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் முள் கழன்றுவிடும். கம்புக்காரர் ரீலின் (நரம்பு சுற்றும் உருளை) கைப்பிடியை உடனே விட வேண்டும். பழைய பாணி ரீலில் மீன் ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழலும், விரல் மூட்டைப் பதம் பார்க்கும்.

அடுத்து மற்றப் படகுகளை விட்டு விலகி ஆழத்துக்குப் போங்கள். இருட்டாக இருந்தால் விளக்கைக் காட்டினால் மற்றவர்கள் வழிவிடுவார்கள். படகின் பின்பக்கம் எப்போதும் மீனை நோக்கியே இருக்கட்டும். மீன் படகுக்கு அடியில் பாய்ந்தால் கம்பு நுனியைத் தண்ணீருக்குள் இறக்குங்கள், வலிப்பவர் படகைச் சுழற்றி நரம்பை விடுவிப்பார்.

மீன் பக்கவாட்டில் சாய்ந்த பிறகுதான் கைவலையை எடுக்க வேண்டும். வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்து, தலை முதலில் உள்ளே வரும்படி மீனை அதன்மேல் இழுங்கள். வாலிலிருந்து கோர முயன்றால் ஒரே உதையில் போய்விடும். மீனை விடப்போகிறீர்கள் என்றால் படகுக்குள் தூக்காமல், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள்.