பிள்ளைகளோடு மன்னாருக்கு: முதல் பயணத்தில் நாங்கள் விட்ட பிழைகள்

கிளிநொச்சியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்கு நாங்கள் முதன்முதல் போனது ஓகஸ்ட் மாத விடுமுறையில். விடிய ஐந்து மணிக்கு வான் பிடித்து வெளிக்கிட்டோம். மடு, திருக்கேதீஸ்வரம், கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார், அரிப்பு என்று ஒரே நாளில் ஆறு இடம். பின்னேரம் அரிப்பில் போய் இறங்கும்போது ஐந்து வயது மகன் சத்தி எடுத்துவிட்டு மனைவியின் மடியில் சுருண்டு கிடந்தான். மகள் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, உடைஞ்ச சுவர்தானே? இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சுவரைப் பற்றி நாங்கள் அவளுக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தரம் போய் வந்துவிட்டோம். வன்னியில் இருந்து பிள்ளைகளோடு போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் பிழை, மன்னார் என்றால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தது. மன்னார் நகரம் தீவில் இருக்கிறது. பாலம் தாண்டியதும் கோட்டை. பெருக்கமரம் நிற்கும் பள்ளிமுனையும் நகரத்தோடு ஒட்டியதுதான். ஆனால் தலைமன்னார் தீவின் மற்ற அந்தம், கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். திருக்கேதீஸ்வரம் தீவிலேயே இல்லை, பெருநிலத்தில் மாந்தைப் பக்கம். அரிப்பும் பெருநிலம்தான், ஆனால் தெற்கே தனித் திசை. தலைமன்னாரையும் அரிப்பையும் ஒரே நாளில் போட்டால் பிள்ளைகள் பார்ப்பது வானின் சீற்றைத்தான். ஒரு நாளுக்கு ஒரு திசை போதும். பூநகரி றோட்டால் வருகிறவர்கள் தீவுக்குள் நுழைய முன்பே திருக்கேதீஸ்வரத்தைப் பார்த்துவிடலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவியின் கரையில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள்.

இரண்டாவது, வெயிலையும் காற்றையும் கணக்கில் எடுக்காதது. இதில்தான் எங்கள் மகன் விழுந்தான். மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு திருத்திக் கட்டியது. உள்ளே மதில், கொத்தளம், இடிந்த தேவாலயம் எல்லாம் உண்டு, ஒதுங்க நிழல்தான் இல்லை. நாங்கள் அங்கே நின்றது பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் பெரியவர்களாலேயே அரை மணித்தியாலம் நிற்க முடியாது. காலை ஒன்பதுக்கு முன், அல்லது பின்னேரம் நாலுக்குப் பின் போங்கள். நடுப்பகலை ஒரு மரத்தடியிலோ தங்குமிடத்திலோ கழியுங்கள். சோற்றுப் பார்சலை விட ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலும் கரைத்துக் குடிக்க ஒரு ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) பக்கற்றும் முக்கியம்.

காற்று வேறு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் மன்னாரை விடாது. தீவின் தென்கரையில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது அதனால்தான். 2020இல் திறந்தபோது 30 காற்றாலைகள், 100 மெகாவாற் மின்சாரம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பக்கக் கடலில் இறக்காதீர்கள். மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம். சோளகம் வீசும்போது தெற்கு கொந்தளிக்கும், வடக்கே தரை காற்றை மறிப்பதால் கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். எந்தக் கரையென்றாலும், இறங்கமுன் வாடியில் நிற்கும் கடற்றொழிலாளி ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காலம் தெரிவு செய்ய முடிந்தால் தைப்பொங்கலுக்குப் பிறகு, பங்குனிக்கு முன்னான ஒரு சனி ஞாயிறு. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முறுகியிருக்காது. வங்காலைப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம். ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா. அதற்கென்றே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்தக் கிழமையை விட்டுவிடுங்கள், சனம் அலைமோதும்.

ஆபத்து பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டை மதிலின் மேல் கைபிடி கிடையாது. அரிப்பின் டொரிக் மாளிகை கடல் அரித்த மேட்டின் விளிம்பில் நிற்கிறது, பகுதிகள் உடைந்து விழுந்தும் விட்டன. படம் எடுக்கப் பிள்ளையைச் சுவரில் ஏற்றாதீர்கள். வழியில் எங்கே இறங்கினாலும் பற்றைக்குள் போக விடாதீர்கள், இரும்புத் துண்டு கிடந்தால் தொடக்கூடாது, போர்க்காலத்து வெடியாக இருக்கலாம் என்று வெளிக்கிட முன்பே சொல்லிவையுங்கள். எங்கள் தலைமுறைக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். (நகரத்துக் கழுதைகளிடமும் பின்பக்கத்தால் போக விடாதீர்கள், உதைக்கும்.)

இனி அந்த "உடைஞ்ச சுவர்". என்னை அதிகம் வருத்தியது அதுதான். இரண்டாம் முறை போவதற்கு முந்திய கிழமை, ஒவ்வொரு இரவும் படுக்கையில் ஒரு கதை சொன்னேன். அரிப்புக் கடலில் முத்துக் குளித்த கதை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி ஆள் இறங்குவான், மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். சுறாவின் வாயைக் கட்டுகிறேன் என்று மந்திரம் சொல்லக் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். இந்த முத்துக்குளிப்பை இருந்து பார்க்கத்தான் ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அந்த மாளிகையைக் கட்டுவித்தார். பக்கத்தில் உள்ள சின்னக் கோட்டைக்கு இன்னொரு கதை. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு காடு வழியாகத் தப்பி 1679இல் வந்து சேர்ந்தது அந்த அரிப்புக் கோட்டைக்குத்தான். அந்த முறை மகள் வானால் முதலில் குதித்தாள். அவன் எந்தப் பக்கத்தால் வந்திருப்பான் என்று காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் மூச்சடக்கி எண்ணிப் பார்த்தான், இருபத்துமூன்று வரை போனான்.

கடைசிப் பிழை, என் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனது. பிள்ளைகளின் பயணம், வயதுபோன மனுசி அலைய வேண்டாம் என்று நினைத்தோம். மூன்றாம் முறை கூட்டிப்போனோம், தலைமன்னாருக்கு மட்டும். 1914இல் இருந்து கொழும்பு ரயிலும் கப்பலும் தனுஷ்கோடி ரயிலும் ஒன்றோடொன்று தொடுத்து ஓடிய துறை அது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. அதே வருட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையகச் சனம் இந்தியாவுக்கு ஏறிப்போனதும் அங்கேயிருந்துதான். எங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. பெரியம்மா குடும்பம் அந்தக் கப்பலில் போனது. இது எனக்குத் தெரியும், ஆனால் அம்மா வாயால் கேட்டதில்லை.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பேசவில்லை. பிறகு மகனிடம் சொன்னா: "எங்க அக்கா றங்குப்பெட்டி மேலதான் உக்காந்திருந்தா. கப்பல் மறையிற வரைக்கும் நான் கை ஆட்டினேன்."

"அவவும் ஆட்டினவவோ அப்பம்மா?"

"அவ முகத்த மூடிக்கிட்டா, சாமி."

தலைமன்னாருக்குப் போனால் அதற்குப் பிறகு வேறு இடம் போடாதீர்கள். நாங்கள் அன்று இருட்டும் வரை அங்கேயே நின்றோம்.