களியும் கூழும் காலை 7.40 ரயிலும்

2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடுகளில் தினை, சாமை, வரகு, குதிரைவாலி என்று அரைக் கிலோ பாக்கெட்டுகள் வந்து இறங்கின. அடுத்த பொங்கலுக்குள் பெரும்பாலானவை வண்டு பிடித்துக் குப்பைக்குப் போயின. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாக்கெட்டின் பின்னால் ‘அரிசிக்குப் பதில் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரிதான் இருக்கும். எப்போது ஊறப்போடுவது, எவ்வளவு தண்ணீர் வைப்பது, மதியம் டப்பாவைத் திறக்கும்போது சோறு எப்படி இருக்கும் என்று எதுவும் இருக்காது.

நான் அரூர்ப் பக்கம், கேழ்வரகு தின்று வளர்ந்தவள். வாக்கப்பட்டது தஞ்சாவூர்க் குடும்பத்தில். குடியிருப்பது கூடுவாஞ்சேரி, வேலை கிண்டியில், பிடிக்க வேண்டியது 7.40 ரயிலை. வீட்டில் கணவர், ஆறாவது படிக்கும் பையன், மாமியார். களி என்றாலே என் அத்தைக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும். “நெல்லுச்சோறு தின்னு வளர்ந்த குடும்பம்மா இது” என்பார். இந்த வீட்டில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தச் சாப்பாட்டில் முக்கால்வாசி, முந்தின நாள் ராத்திரி முடிகிற வேலை. காலையில் எழுந்து யோசித்தால் கடைசியில் பிரெட்தான்.

அரிசியை விட்டுவிடாதீர்கள்

மாற்றத்தைத் தட்டில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பொன்னி சாப்பிடுகிற வீட்டில் திடீரென்று காட்டுயானம் மாதிரி சிவப்பரிசியை வடித்து வைத்தால் கலவரம்தான். தூயமல்லி அல்லது கிச்சிலிச் சம்பா வாங்குங்கள். இரண்டும் வெள்ளையாக, மெல்லிசாக இருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். முதலில் பாதி தீட்டியது, பழகிய பிறகு தீட்டாதது. எங்கள் வீட்டில் இப்படித்தான் யாருக்கும் அறிவிக்காமல் மாற்றினேன். பெயரைச் சொன்ன பிறகுதான் அத்தைக்கே பழைய நெல் ஞாபகம் வந்தது: பூங்கார், குள்ளக்கார் என்று அவர் அப்பா வயலில் போட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட ‘நெல்’ ஜெயராமன் 2018-இல் காலமானார். இந்தப் பெயர்களெல்லாம் இன்று கடையில் மூட்டையாகக் கிடைப்பதற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம்.

மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பான, மோட்டா அரிசியைச் சாம்பார் சாதத்துக்கு வைத்து அவமானப்படுத்த வேண்டாம். அதற்கு ஏற்ற இடங்கள் மூன்று: இட்லி, கஞ்சி, பழைய சோறு. இட்லிக்கு இட்லி அரிசியில் பாதியை எடுத்துவிட்டு இதைச் சேருங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். சோறாக வடிப்பதானாலும் எட்டு மணி நேரம் ஊறிய பிறகு, ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர், குக்கரில் சின்னத் தீயில் ஆறு ஏழு விசில்.

பழைய சோற்றைப் பற்றி ஏகப்பட்ட புகழுரைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. எனக்குப் பிடித்த காரணம் வேறு: காலையில் அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். ராத்திரிச் சோறு நன்றாக ஆறியதும், முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் கெட்ட வாடை வரும். பிரிட்ஜில் வைத்தால் புளிக்காது. காலையில் பிசைந்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நாலு. அன்று காலையிலேயே தீர்த்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வைத்திருந்தால் மாட்டுக்குத்தான்.

எந்தத் தானியம் எதற்கு

சாமை, குதிரைவாலி, வரகு, தினை எல்லாவற்றையும் ஒரே மாதிரி வேகவைத்துவிட்டு “எல்லாம் சப்பென்று இருக்கிறது” என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

சாமைக்கு அரை மணி நேர ஊறலும் இரண்டு பங்கு தண்ணீரும் இரண்டு விசிலும் போதும். ஆவி அடங்கியதும் தட்டில் பரப்பி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் உதிரியாக வரும். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதத்துக்கு இதுதான். ஆனால் சிறுதானியச் சோறு ஆற ஆற இறுகும். ஏழு மணிக்கு மல்லிகைப் பூ மாதிரி இருந்தது, ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தால் கட்டியாக நிற்கும். அதனால் டப்பாவுக்குக் கட்டும் நாளில் தண்ணீரைக் கால் பங்கு கூட்டுங்கள், எண்ணெயிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

குதிரைவாலி குழைவாக வரும். மூன்றரைப் பங்கு தண்ணீர் வைத்து, மத்தால் மசித்து, பாலும் ஒரு கரண்டி தயிரும் விட்டால் தயிர்சாதம். என் பையன் இதுவரை வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. வெண்பொங்கலுக்கும் இதைவிட ஏற்றது இல்லை. வரகு புளிசாதத்துக்கும் இட்லிக்கும்: வரகு மூன்று, இட்லி அரிசி ஒன்று, உளுந்து ஒன்று, கொஞ்சம் வெந்தயம். மாவு சீக்கிரம் புளிக்கும், வெயில் காலத்தில் கண் வையுங்கள். தினைக்கு ஒரு லேசான கசப்பு வாடை உண்டு. வெல்லமும் ஏலக்காயும் அதை அடக்கும், சாம்பார் அடக்காது. தினைச் சோற்றில் சாம்பார் விட்டுச் சாப்பிடச் சொல்கிறவர்கள் அவர்களே அதைச் சாப்பிடுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தவிடு முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு அதற்கும் ரேஷன் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தவிடு இருந்தால் லேசான பழுப்பு தெரியும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். வரகில் பூஞ்சணம், மக்கிய வாடை இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் செத்தது பூஞ்சணம் பிடித்த வரகுப் பயிரைத் தின்றுதான் என்று ஆய்வில் சொன்னார்கள். காய்ந்து சுத்தமாக இருக்கும் வரகுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

கம்பு தனி ரகம். அதை மாவாக வாங்கவே வாங்காதீர்கள். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சில நாளிலேயே கசக்கும். முழுக் கம்பை வாங்கி, கழுவி, ஒட்ட வடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள். ஈரம் உள்ளே இறங்காமல் தோலில் மட்டும் இருக்கும்போது மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினால் தோல் கழன்று வரும். முறத்தில் புடைத்து, மறுபடி ஒரு சுற்று, ரவை பதம். ஐந்து பங்கு தண்ணீர், ஐந்து விசில். இதுதான் கம்பஞ்சோறு. மிச்சத்தை உருட்டித் தண்ணீரில் போட்டால் மறுநாள் கம்மங்கூழ். முறம் இல்லாத வீட்டில் அகலத் தட்டும் டேபிள் ஃபேனும் போதும். பால்கனியில் வையுங்கள், ஹாலில் வேண்டாம்.

களி கிண்டுவது

எங்கள் ஊர் விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023-இலிருந்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் அதே அளவு கேழ்வரகு தருகிறார்கள். அத்தையிடம் இதைச் சொன்னபோது, “அரிசியைக் குறைச்சுட்டாங்களா?” என்றுதான் கேட்டார்.

நாலு பேருக்கு மாவு இரண்டு கப், அரிசி நொய் அரை கப், தண்ணீர் ஆறு கப். அடி கனமான பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போட்டு, நொய் குழையும் வரை வேக விடுங்கள். அந்தக் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்துத் தனியாக வையுங்கள். இப்போது மாவை நடுவில் ஒரே குவியலாகக் கொட்டுங்கள். கிளறாதீர்கள். கரண்டிக் காம்பால் குவியலின் நடுவில் ஒரு குழி, அடி வரைக்கும். அந்தக் குழி வழியாகக் கஞ்சி தளதளவென்று மேலே வந்து மாவின் மேல் வழியும். தீயைக் குறைத்து எட்டு நிமிஷம் மூடி வைத்தால் மாவு அங்கேயே வெந்துவிடும், பச்சை வாடை போய் வறுத்த மாதிரி ஒரு வாசனை வரும்.

பிறகு பாத்திரத்தைத் தரைக்கு இறக்கி, ஒரு கையால் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, மரத் துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்ட வேண்டும். அடுப்பு மேடையில் நின்றபடி கிண்டினால் பலம் வராது, கட்டி தட்டும். வறண்டு மாவு தெரிந்தால் எடுத்து வைத்த கஞ்சியை விடுங்கள். மறுபடி அடுப்பில் சின்னத் தீ, மூன்று நிமிஷம். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது; அதுதான் பதம். ஈரக் கிண்ணத்தில் போட்டுச் சுழற்றினால் உருண்டை தானாக உருளும். மொத்தமாக அரை மணி நேரம் பிடிக்கும், அதில் நீங்கள் நிற்க வேண்டியது பத்து நிமிஷம்.

கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, நிலக்கடலைச் சட்னி, ஞாயிற்றுக்கிழமை என்றால் கருவாட்டுக் குழம்பு. பிட்டு, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொண்டு முதல் வாயிலேயே வெறுத்துப்போகும். என் கணவர் பழகியது இந்த விஷயம் புரிந்த பிறகுதான். பையன் களி பக்கம் வருவதே இல்லை. அவனுக்குக் கேழ்வரகு தோசை, மேலே கருப்பட்டித் தூள். போதும், கட்டாயப்படுத்துவதில்லை.

மிஞ்சிய இரண்டு உருண்டையைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தால் காலையில் கூழ் தயார். கரைத்து, மோர் விட்டு, ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி ரயிலில் குடித்துவிடுவேன். மோர்மிளகாய் மட்டும் ரயிலில் கடிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் முறைப்பார்.

கீரை, எண்ணெய், மற்றவை

“கீரை ஆய நேரமில்லை” என்பவர்கள் மாலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். மடியில் துணிப்பை, கிண்டியில் தொடங்கினால் வண்டலூருக்குள் இரண்டு கட்டு முடிந்துவிடும். அரைக்கீரை, சிறுகீரையை இப்படி ஆயலாம். முருங்கைக்கீரையை மட்டும் கையால் ஆய வேண்டாம்: ராத்திரி துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறினால் இலை கொட்டும். கீரைச் சோற்றோடு ஒரு துண்டு எலுமிச்சை நல்லது, இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்தில் ஒரு பங்கு வீண்.

செக்கு எண்ணெய் வாங்கும்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் சுமார் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். கடையில் நிலக்கடலைப் பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, புண்ணாக்குக்குக் கொஞ்சம் கழித்துப் பாருங்கள். அதைவிட நன்றாகக் குறைந்த விலையில் ‘மரச்செக்கு’ என்று எழுதி விற்றால் அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதுதான். வெல்லத்தில் அழகான மஞ்சளைத் தேடாதீர்கள்; வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டிருப்பார்கள். அழுக்குப் பழுப்பாக இருப்பதே மேல்.

மில்லட் பிஸ்கட், மில்லட் நூடுல்ஸ் வாங்குவதானால் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, கடைசியில் கேழ்வரகு என்றால் அது மைதா பிஸ்கட்.

சர்க்கரை இருப்பவர்கள்

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லி, காலையில் பெரிய டம்ளர் நிறையக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கூழும் மாவுச்சத்துதான், கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். இப்போது அளவு அரை டம்ளர். மதியம் சோறு ஒரு கப், அதே அளவு கீரையும் பயறும். புது தானியம் எதையாவது சேர்த்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி வைப்போம், அதை டாக்டரிடம் காட்டுவோம். மருந்தை நாமாகக் குறைப்பது கூடாது. சிறுநீரகப் பிரச்சினை, தைராய்டு இருப்பவர்கள் கம்பு, கீரையையெல்லாம் தினமும் சேர்ப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.