பிஎல்டிசி ஃபேன் மாற்றலாமா? ஈபி பில்லை எடுத்துக் கணக்குப் போடுவோம்

பிஎல்டிசி (BLDC) என்றால் பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் ஃபேன். கடையில் கேட்டால் "பாதிக்கு மேல் கரண்ட் மிச்சம் சார்" என்பார்கள். பொய் இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசிக்கு 30 போதும். அந்த மிச்சம் உங்கள் வீட்டில் எத்தனை ரூபாய் என்பதுதான் கேள்வி.

படி 1: ஓடும் நேரத்தைக் குறியுங்கள்

எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்ற யோசிக்காதீர்கள். ஹாலில் தினம் 15 மணி நேரம் ஓடும் ஃபேனில் இரண்டு மாத பில்லுக்குச் சுமார் 40 யூனிட் குறையும். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையில் மூன்று யூனிட்கூடத் தேறாது, அதை விட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் எப்போதும் 2-ல் வைத்தே ஓட்டுபவர்களுக்கும் மிச்சம் குறைவுதான்.

படி 2: கடைசி யூனிட்டின் விலையைப் பாருங்கள்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்த பில்லை யூனிட்டால் வகுக்கக் கூடாது. குறைவது மேல் படியில் இருக்கும் யூனிட்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலைக் கட்டணப்படி வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்புறம் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் 600 வரை 8.40, அதோடு அந்த 2.35 சலுகையும் போய் அங்கேயும் 4.70 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501-க்கு 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்!

ஆக, அதே 40 யூனிட் குறைந்தால் 350 யூனிட் வீட்டில் 188 ரூபாய் மிச்சம். 530 யூனிட் வீட்டில் 550 ரூபாய். 90 யூனிட் வீட்டில் ஒரு பைசாவும் இல்லை. கட்டணம் மாறியிருக்கலாம், உங்கள் பில்லில் உள்ளதையே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எந்தச் செலவோடு ஒப்பிடுவது?

பிஎல்டிசி 3,000, சாதாரண ஃபேன் 1,700 என்று வைத்துக்கொள்வோம். பழையது காயில் போய், எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால் கூடுதல் செலவு 1,300 மட்டுமே. 350 யூனிட் வீட்டில் ஏழு பில்லில் திரும்பிவிடும். நன்றாக ஓடுவதைக் கழற்றினால் முழு 3,000-மும் செலவு, 16 பில் ஆகும்.

படி 4: பழுதானால்?

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டென்சரை மாற்றிவிடுவார். பிஎல்டிசியில் சர்க்யூட் போர்டு போனால் பெரும்பாலும் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். அதனால் வாரண்டி முடிவதற்குள் போட்ட காசு திரும்பாது என்றால் நான் வாங்க மாட்டேன். (ரிமோட் சோபா இடுக்கில் காணாமல் போவது தனிக் கதை.) மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லோ வோல்டேஜிலும் பிஎல்டிசியின் வேகம் அவ்வளவாகக் குறையாது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால், வாரண்டி தாண்டினாலும் சரி, ஹாலுக்கு ஒன்று வாங்கிவிடுவேன்.