டேப்லெட்டில் கேஸ் ஷீட்: டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையெழுத்து புரியாமல் மருந்து மாறிப்போகும் ஆபத்து, கேஸ் ஷீட்டை டேப்லெட் கணினியில் பதியும் மருத்துவமனைகளில் குறைந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் காகிதத்தில் கிறுக்கலாக ஏதாவது இருந்தால் ஸ்டாஃப் நர்ஸ், “டாக்டர், இது என்ன?” என்று கேட்பார். திரையில் பளிச்சென்று தெரிகிற தவறை அப்படி யாரும் கேட்பதில்லை. எனவே தவறு உள்ளே நுழையும்போதே பிடித்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஆளை மாற்றிப் பதிவது. 11-ஆம் பெட் நோயாளியின் பக்கம் திறந்தே இருக்கும். டாக்டர் அடுத்த பெட்டுக்கு நகர்ந்து, அங்கே பார்த்ததை இவருடைய பக்கத்தில் எழுதிவிடுவார். நம் ஊர் வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது சாதாரணம், இனிஷியல்கூட ஒன்றாக இருக்கலாம். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்ப்பதுதான் முறை. பெட் எண் அதில் சேராது; நோயாளியை எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றுவார்கள். பிறந்த தேதியையும் இங்கே முழுதாக நம்ப முடியாது. சரியான தேதி தெரியாத பெரியவர்கள் பலருக்கு ஜனவரி 1 என்றே பதிவாகியிருக்கும். பெயரோடு கைப்பட்டையில் உள்ள ஐபி எண்ணை, அதாவது உள்நோயாளி எண்ணைப் பாருங்கள். ஓபி நோயாளியிடம் 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் அதைப் பார்க்கலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். “நீங்க லட்சுமிதானே?” என்றால் காது மந்தமான பாட்டி சும்மா தலையாட்டிவிடுவார். “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

அடுத்தது, நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது. நாற்பது நோயாளிகளைப் பார்க்க வேண்டிய பிஜி (முதுநிலைப் பயிற்சி) டாக்டருக்கு நேரம் இல்லை என்பது புரிகிறது. ஆனால் சிறுநீர்க் குழாயை எடுத்து மூன்று நாளான பிறகும் “குழாய் உள்ளது” என்றே குறிப்பு சொல்லிக்கொண்டிருக்கும். இரவு டியூட்டிக்கு வருபவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார். பழைய நோய் வரலாற்றை நகலெடுத்தால் பாதகமில்லை, அதையும் ஒருமுறை படித்துவிட்டால் சரி. இன்றைய பரிசோதனையும் இன்றைய முடிவும் ஒவ்வொரு நாளும் புதிதாகவே எழுதப்பட வேண்டும். இரண்டு வரி போதும்.

மருந்துப் பட்டியலில் விரல் தவறுவது இன்னொன்று. முதல் மூன்று எழுத்தைத் தட்டினாலே சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் கிருமித் தொற்றுக்கான மெட்ரோனிடசோலும் சேர்ந்தே வரும். ஐந்து எழுத்தாவது தட்டிவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டில் தனிக் கவனம் தேவை. வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய அந்த மாத்திரை, பட்டியலில் “தினமும்” என்று பதிவாகி, எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போயிருக்கிறது. எந்தக் கிழமை, எந்த நோய்க்கு என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரே பாஸ்வேர்டை வார்டு முழுக்கப் பகிர்வது வேண்டாம்; நாளை ஒரு பிரச்சினை என்றால் எழுதியது யார் என்றே தெரியாது. ஸ்கேனைப் படமெடுத்துச் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வேண்டாம். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அப்புறம், கையுறையோடு திரையைத் தொடாதீர்கள். 70 சதவீத ஆல்கஹால் துடைப்பான் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் கிருமியின் வித்துகள் அதற்குச் சாகாது. அந்த நோயாளியின் அறைக்குள் டேப்லெட்டைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

நோயாளி பேசும்போது குனிந்து தட்டிக்கொண்டே இருந்தால், சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடுவார். முதலில் முகம் பார்த்துக் கேளுங்கள். எழுதி முடித்ததும் அலர்ஜியையும் மருந்துகளையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “அந்த மாத்திரையை நிறுத்திட்டாங்களே சார்” என்று அப்போதுதான் வெளிவரும்.

நெட்வொர்க் போகும் நாளுக்காக வார்டில் அச்சிட்ட படிவங்கள் தயாராக இருக்கட்டும். பின்னால் அதை டேப்லெட்டில் ஏற்றும்போது, ஏற்றிய நேரத்தை அல்ல, மருந்து கொடுத்த நேரத்தைப் பதியுங்கள். 2 மணிக்குப் போட்ட ஆன்டிபயாடிக் ஊசி 5 மணி என்று பதிவானால், அடுத்த ஊசி 3 மணி நேரம் தள்ளிப்போகும்.