சூடு எங்கே போகிறது? அடுப்படியில் ஒரு சோதனை

திண்மம், திரவம், வாயு என்று மூன்று கட்டம் போட்டுப் படம் வரைந்ததோடு பள்ளியில் பாடம் முடிந்துவிடும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பொருள் எப்படித் தாவுகிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. அதைப் பார்க்க அடுப்படி போதும்.

வேண்டியவை: ஐஸ்கட்டி, சமையலறைத் தராசு, இரண்டு தெர்மாகோல் கப் (சில்வர் டம்ளர் வேண்டாம், கொஞ்சம் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும்), 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும். பழைய பாதரச வகையை வெந்நீரில் விட்டால் உடைந்தே போகும். சின்ன வயதில் நான் உடைத்திருக்கிறேன்; பாதரசம் நஞ்சு என்று தெரியாமல் அந்த உருண்டைகளை விரலால் துரத்தி விளையாடியும் இருக்கிறேன்.

படி 1: ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்கும் வெகு கீழே இருக்கும். மேலே ஈரம் படர்ந்து வழுக்கத் தொடங்கும்வரை வெளியே வையுங்கள். அப்போது அது 0 டிகிரிக்கு வந்திருக்கும்.

படி 2: முதல் கப்பில் 100 கிராம் ஐஸ். இரண்டாவதில், ஐஸ் மிதந்த தண்ணீரை வடிகட்டி 100 கிராம். இரண்டுமே ஏறக்குறைய 0 டிகிரிதான்.

படி 3: தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டிலும் 100 மில்லி ஊற்றிக் கலக்குங்கள். குழந்தைகள் செய்தால் ஊற்றும் வேலை பெரியவர்களுடையது.

இரண்டாவது கப் 40 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். முதல் கப்பில் ஐஸ் கரைந்திருக்கும், ஆனால் வெப்பமானி பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தால் ஒரு சில்லு ஐஸ் மிச்சம்கூட இருக்கும். ஊற்றியது ஒரே சூடு. அது எங்கே போனது?

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னூட்டமும் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னூட்டமும் உண்டு. அதனால் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இயற்கையின் விசைகளில் இங்கே வேலை செய்வது மின்காந்த விசை. மூலக்கூறுகளுக்கிடையே நிறையால் வரும் ஈர்ப்பு விசை கணக்கில் எடுக்கவே முடியாத அளவுக்குச் சிறியது. ஐஸில் அந்தப் பிடி ஒழுங்கான கூடாக நிற்கிறது. நாம் கொடுத்த சூடு அந்தக் கூட்டைக் குலைக்கவே செலவாகிவிட்டது. ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி (ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்தான் ஒரு கலோரி). நான் 80 டிகிரி என்று சொன்னது இதற்காகத்தான். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஜோசப் பிளாக் கண்டுபிடித்த இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம்.

படி 4: மிச்சத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியைப் பிடியுங்கள். சென்னையில் 100 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். இனி தீயைக் கூட்டினாலும் ஏறாது, ஆவிதான் அதிகமாகும். சோறு கொதித்த பிறகும் கேஸை முழுசாகத் திறந்து வைப்பது வெறும் தண்டம்! ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நேரம் பிடிக்கும். குக்கர் அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 120 டிகிரி வாக்கில் கொண்டுபோகிறது.

படி 5: இட்லிப் பானையில் மாவு ஊற்றி மூடுங்கள். 100 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 540 கலோரி வேண்டும். அந்த ஆவி குளிர்ந்த மாவில் பட்டுத் தண்ணீராகும்போது அத்தனையையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. இட்லி வேகும் ரகசியம் இதுதான். கையில் பட்டாலும் இதே கணக்கு, ஆகவே மூடியைத் திறக்கும்போது ஆவி எதிர்ப்பக்கம் போகிற மாதிரி சாய்த்துத் திறங்கள்.