கிர் போகிற நம்மூர்க்காரர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து குஜராத்தின் கிர் காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: சிங்கம் கண்ணில் படுமா? விடிகாலை ஜீப்பைப் பிடியுங்கள். நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கிற பிராணி; வெயில் ஏறினால் புதருக்குள் ஒதுங்கிவிடும். குறுவை நடவு முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை காடு மூடியிருக்கும்.

கர்ஜனை கேட்டதும் பரபரக்க வேண்டாம். அது 8 கிலோமீட்டர் வரை கேட்கும். சுவாமிமலையில் கர்ஜித்தால் கும்பகோணத்தில் தூக்கம் கலையும். சிங்கம் அருகில் வந்தால் வாலைப் பாருங்கள். வால் விறுக்கென்று அடித்து, தலை தாழ்ந்து, காது பின்னால் மடங்கினால் எச்சரிக்கை. எழுந்து நிற்காதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள்.

அப்புறம், கோயில் சிம்மத்தின் அடர்ந்த பிடரியை எதிர்பார்க்காதீர்கள். ஆசியச் சிங்கத்துக்குக் காது வெளியே தெரியும். வயிற்றடியில் நீளமாகத் தோல் மடிப்பு தொங்கும்.